மனித லைசோசைம் ஆன்டிபாடி: தேர்வு முதல் பதிவேடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பிடிக்கும் புரதம்) ஒன்றைக் கையில் எடுப்பவருக்கு வழக்கமாக வரும் கவலை, சிக்னல் கிடைக்குமா என்பதுதான். பாக்டீரியாவைக் கரைக்கும் நொதியான மனித லைசோசைமுக்கான ஆன்டிபாடியில் அந்தக் கவலை பெரும்பாலும் தேவைப்படாது. சிக்னல் வரும், வேண்டாத இடத்திலும் வரும். கண்ணீர், உமிழ்நீர், தாய்ப்பால், மூக்குச்சளி, நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் ஆகிய நோய் எதிர்ப்புச் செல்கள் என்று இந்த நொதி பரவிக் கிடக்கிறது. போதாக்குறைக்கு, கண்ட பரப்பிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும் சுபாவம் வேறு. எனவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, தெரிகிற சிக்னல் நாம் தேடும் லைசோசைம்தானா, நாம் தேடும் இடத்திலிருந்து வந்ததுதானா என்று உறுதிசெய்வதைப் பற்றியது. வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடுவது), திசுச் சீவல் நிறமேற்றம், எலைசா (தட்டின் குழிகளில் ஆன்டிபாடியால் புரதத்தின் அளவைக் காண்பது) ஆகிய மூன்றையும் பார்க்கப்போகிறோம்.

படி 1: இலக்கையும் அதன் உறவினர்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

பாக்டீரியாவின் செல்சுவரிலுள்ள பெப்டிடோகிளைக்கன் சங்கிலியை அறுப்பது லைசோசைமின் வேலை. லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், சளி பிடித்திருந்த தம் மூக்கிலிருந்து எடுத்த சளி ஒரு பாக்டீரியாவைக் கரைப்பதை 1921-இல் கவனித்து, 1922-இல் வெளியிட்டார். பெனிசிலின் அதற்குப் பிறகு வந்த கதை.

ஆன்டிபாடி வேலைக்கு வேண்டிய எண்கள் சிலவே. மனித லைசோசைம் 148 அமினோ அமிலங்களோடு உருவாகிறது. முன்னால் இருக்கும் 18 அமினோ அமிலச் சமிக்ஞைப் பகுதி வெட்டப்பட்டு, 130 அமினோ அமிலங்கள் கொண்ட முதிர்ந்த புரதம் எஞ்சுகிறது. எடை சுமார் 14.7 கிலோடால்ட்டன் (புரத எடையின் அலகு). நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகள் அதை இறுகப் பூட்டி வைத்திருக்கின்றன. அதன் சமமின் புள்ளி, அதாவது மொத்த மின்னூட்டம் பூஜ்யமாகும் பி.எச்., 10-க்கு மேல், அதாவது, நாம் பயன்படுத்தும் ஏறத்தாழ எல்லா பஃபர்களிலும் அது நேர்மின்னூட்டத்தோடு இருக்கும். இந்தக் கடைசிச் செய்தியை மறக்கவேண்டாம். பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்கு அதுவே காரணம்.

இனி உறவினர்கள். முதலாவது, கோழி முட்டை வெள்ளைக்கருவின் லைசோசைம். 129 அமினோ அமிலங்கள், சுமார் 14.3 கிலோடால்ட்டன், மனித லைசோசைமோடு ஏறக்குறைய 60 சதவீதம் ஒத்துப்போகும். ஜெல்லில் இரண்டையும் அளவை வைத்துப் பிரித்தறிய முடியாது. இரண்டாவது, பாலில் இருக்கும் ஆல்ஃபா-லாக்டால்புமின். லைசோசைமோடு பொதுவான மூதாதையிலிருந்து பிரிந்தது. மடிப்பும் அதேதான், அளவும் 14 கிலோடால்ட்டன்தான், ஆனால் பாக்டீரியாவைக் கொல்லும் வேலை இல்லை. தாய்ப்பால் மாதிரியில் இரண்டும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். மூன்றாவது, எலியின் இரு லைசோசைம்கள்: மனிதனுக்கு ஒரு மரபணு செய்யும் வேலையை எலியில் இரண்டு பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று குடலின் பானெத் செல்களில், மற்றொன்று மேக்ரோஃபேஜ் வகைச் செல்களில். எலித் திசுவில் வேலைசெய்ய நினைப்பவர் எது எங்கே என்று முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பெயரில் மட்டும் உறவினர் ஒருவரும் உண்டு. டி7 லைசோசைம் என்பது வைரஸ் வழி வந்த வேறொரு நொதி. அது அறுக்கும் பிணைப்பே வேறு. பிலைஸ்எஸ் (pLysS) வகை ஈ.கோலை செல்களில் இருப்பது அதுதான். அதை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

படி 2: ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுத்தல்

‘லைசோசைம் ஆன்டிபாடி’ என்று பொதுவாகத் தேடினால், பட்டியலில் ஒரு பகுதி கோழி லைசோசைமுக்கானதாக இருக்கும். நோய் எதிர்ப்பியலின் பாடநூல் புரதம் அது, டி1.3, ஹைஹெல்-10 போன்ற புகழ்பெற்ற மோனோகுளோனல்கள் (ஒரே வகை ஆன்டிபாடி மட்டும் கொண்டவை) எல்லாம் அதற்கு எதிராக உருவாக்கப்பட்டவை. டி1.3 கோழி லைசோசைமைப் பிடிப்பதில் 121-ஆம் இடத்துக் குளுட்டமின் முக்கியப் பங்கு வகிக்கிறது. அந்த ஓரிடத்தில் ஹிஸ்டிடின் இருக்கும் பறவை லைசோசைம்களை அது பிடிப்பதில்லை. ஓர் அமினோ அமிலம் மாறினாலே இந்தப் பாடு என்றால், கோழிக்கான மோனோகுளோனல் மனித மாதிரியில் வேலைசெய்யும் என்று நம்ப என்ன இருக்கிறது? தரவுத்தாளில் இம்யூனோஜென் (ஆன்டிபாடியை உருவாக்கப் பயன்படுத்திய பொருள்) என்ற வரியைத் தேடி, அது மனித லைசோசைம்தானா என்று பாருங்கள். யூனிபுராட் புரதத் தகவல் தளத்தின் பி61626 என்ற பதிவெண் அங்கே இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்தது, இம்யூனோஜென் முழுப் புரதமா, ஒரு துண்டு பெப்டைடா என்பது. நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகளால் இறுகிய புரதம் இது. இயல்பு வடிவில் ஒரு முகத்தையும், வெப்பத்திலும், டைசல்ஃபைடை முறிக்கும் பீட்டா-மெர்காப்டோஎத்தனாலிலும் அவிழ்ந்தபின் வேறொரு முகத்தையும் காட்டும். இயல்பு வடிவத்தைப் பிடிக்கும் மோனோகுளோனல் எலைசாவில் அருமையாக இருந்துவிட்டு, வெஸ்டர்ன் பிளாட்டில் வாயே திறக்காமல் போகலாம். பெப்டைடுக்கு எதிரானது நேர்மாறாக நடக்கலாம். ஆகவே ‘எல்லாவற்றுக்கும் ஏற்றது’ என்ற விளம்பர வரியை விட்டுவிட்டு, உங்கள் முறையில் எடுத்த படம் தரவுத்தாளில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பாலிகுளோனலா (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை), மோனோகுளோனலா என்று கேட்டால், திசுச் சீவலுக்கு நன்கு சோதிக்கப்பட்ட முயல் பாலிகுளோனல் இன்னும் நம்பகமானதே. நோயியல் ஆய்வகங்கள் பல காலமாக அதைத்தான் பயன்படுத்தின. ஆனால் ஆண்டுக்கணக்கில் நீளும் ஆய்வுக்கு, மரபணு வரிசை தெரிந்த ரீகாம்பினன்ட் (மரபணுவைச் செல்லில் செலுத்தி உற்பத்திசெய்த) மோனோகுளோனலைத்தான் நான் வாங்கச் சொல்வேன். லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறும்போது பாலிகுளோனலின் குணம் மாறும்; அதை ஈடுகட்டச் செலவாகும் உழைப்பு விலை வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

2016-இல் ஆன்டிபாடி சரிபார்ப்புக்கான சர்வதேசக் குழு ஒன்று ஐந்து வழிகளை முன்வைத்தது: மரபணுவை நீக்கிப் பார்த்தல், ஆன்டிபாடி சாராத வேறு முறையோடு ஒப்பிடுதல், வேறு எப்பிடோப்பை (புரதத்தில் ஆன்டிபாடி பற்றும் இடம்) பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி, அடையாளம் கோத்த புரதத்தை வெளிப்படுத்திப் பார்த்தல், ஆன்டிபாடி பிடித்த புரதத்தை நிறைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) பார்த்தல். ஐந்தும் வேண்டாம். லைசோசைமைப் பொறுத்தவரை முதல் இரண்டில் ஒன்றாவது செய்யப்பட்ட பொருளை வாங்குங்கள்.

படி 3: குப்பி வந்த அன்று

தரவுத்தாள் சொன்னபடி வையுங்கள். கிளிசரால் கலக்காததைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள், மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைக்க வேண்டாம். ஒளிர்சாயம் இணைத்ததை உறையவைக்கவே கூடாது. பாதுகாப்புக்காகச் சேர்க்கப்படும் சோடியம் அசைடு, சிக்னல் தருவதற்காக ஆன்டிபாடியோடு இணைக்கும் பெராக்சிடேஸ் நொதியை முடக்கும் என்பதால், பெராக்சிடேஸ் இணைந்த ஆன்டிபாடி நிற்கும் கரைசலில் அதைச் சேர்க்காதீர்கள்.

படி 4: மாதிரியைத் தொடும்முன் கன்ட்ரோல்கள்

டிஎச்பி-1, யு-937, எச்எல்-60 ஆகிய மனித ரத்தப் புற்றுநோய்ச் செல்வரிசைகள் லைசோசைமை உருவாக்குபவை. இவற்றில் ஒன்றின் லைசேட் (செல்களை உடைத்த கரைசல்) நேர் கன்ட்ரோலாகட்டும், அதாவது சிக்னல் வரவேண்டிய மாதிரி. சிறுநீரகத்திலிருந்து வந்த எச்இகே 293 எதிர் கன்ட்ரோலாகட்டும், அதாவது சிக்னல் வரக்கூடாத மாதிரி. லைசோசைம் மரபணு நீக்கப்பட்ட டிஎச்பி-1 கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இவற்றோடு ஒரு குழியில் தூய மனித லைசோசைமும், இன்னொன்றில் தூய கோழி லைசோசைமும் ஓடட்டும். நெற்பயிரில் உற்பத்திசெய்த ரீகாம்பினன்ட் மனித லைசோசைம் விற்பனையில் இருக்கிறது. கோழியுடையதோ எந்த ஆய்வக அலமாரியிலும் இருக்கும். ஆன்டிபாடி இரண்டையும் பிடிக்கிறதா, மனிதனுடையதை மட்டுமா என்று முதல் நாளே தெரிந்துவிடும். தாய்ப்பால் ஆய்வென்றால் மூன்றாவதாக ஆல்ஃபா-லாக்டால்புமினையும் சேருங்கள்.

திசுவுக்கு, மனிதச் சிறுகுடல் சீவல் ஒன்று போதும். அதைவிட நல்ல கன்ட்ரோல் கிடையாது. காரணம் படி 7-இல்.

படி 5: மாதிரி எடுத்தல்

அளவுதான் முதல் சிக்கல். கண்ணீரில் லைசோசைம் ஒரு மில்லிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், பொதுவாக 1 முதல் 3 வரை சொல்லப்படுகிறது. சீரத்தில் மைக்ரோகிராம் கணக்கில். ஆயிரம் மடங்கு இடைவெளியுள்ள இரு திரவங்களுக்கு ஒரே நீர்ப்பு வைத்தால் ஒன்று கறுத்துப்போகும், மற்றது தெரியாது. ஒரு மைக்ரோலிட்டர் கண்ணீரை அப்படியே ஜெல்லில் ஏற்றுவது, மைக்ரோகிராம் கணக்கில் லைசோசைமை ஒரே பட்டையில் கொட்டுவதற்குச் சமம். நூறு மடங்கு நீர்த்தால் அதே ஒரு மைக்ரோலிட்டரில் 10 முதல் 30 நானோகிராம் இருக்கும், அதுவே தாராளம்.

ரத்தம் என்றால், சீரமா பிளாஸ்மாவா என்பதை ஆய்வின் தொடக்கத்திலேயே முடிவுசெய்து கடைசிவரை மாற்றாதீர்கள். ரத்தம் உறையும்போது வெள்ளணுக்களிலிருந்து லைசோசைம் கசிய வாய்ப்புண்டு. மாதிரி மேசையில் காத்திருந்த நேரமும் அளவாக மாறி நிற்கும். பிளாஸ்மா எடுப்பதானால் ஈ.டி.டி.ஏ. குழாய் நல்லது. ஹெப்பாரின் கடுமையான எதிர்மின்னூட்டம் கொண்டது, லைசோசைமைப் பிடித்துக்கொள்ளும். செல்சிதைவில் வெளிவரும் டி.என்.ஏ.வும் அப்படியே, லைசேட் கொழகொழவென்று இருந்தால் நியூக்ளியேஸ் சேருங்கள்.

நியூட்ரோஃபில் லைசேட்டில் புரதம் அறுக்கும் நொதிகள் ஏராளம். தடுப்பான்களைப் பஃபரில் முன்பே கலந்து, பனிக்கட்டி மேல் வேலையை முடித்து, உடனே எஸ்.டி.எஸ். (புரதத்தை அவிழ்த்து எதிர்மின்னூட்டம் பூசும் சோப்பு வகைப் பொருள்) பஃபரில் கொதிக்கவையுங்கள்.

நீர்த்த மாதிரிகளைச் சாதாரணக் குழாயில் வைத்தால் லைசோசைம் சுவரில் ஒட்டிக் குறைந்துபோகும். ஒட்டாத வகைக் குழாய், அல்லது நீர்க்கும் கரைசலில் 0.1 முதல் 1 சதவீதம் மாட்டு ஆல்புமின் என ஏதாவதொன்று வேண்டும்.

ஈ.கோலையில் மனித லைசோசைமை உற்பத்தி செய்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. பாக்டீரியாவை உடைக்க நாம் வழக்கமாகக் கொட்டும் தூள் கோழி லைசோசைம்தான். ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் அதைப் போட்டுவிட்டு, பின்னர் 14 கிலோடால்ட்டனில் கனத்த பட்டை தெரிகிறது என்று மகிழ்வது வீண். இந்த வேலையில் செல்களை ஒலியதிர்வாலோ அழுத்தத்தாலோ உடையுங்கள்.

கபத்தை இளக்க டைதையோதிரிட்டால் சேர்ப்பவர்கள், அது டைசல்ஃபைடு பிணைப்புகளையும் அவிழ்க்கக்கூடும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். வெஸ்டர்னுக்குப் பரவாயில்லை; இயல்பு வடிவம் தேடும் எலைசாவுக்கு ஆகாது. மனித மாதிரி எதுவானாலும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தொற்று அபாயமுள்ள பொருளைக் கையாளும் ஒழுங்கு இரண்டும் கட்டாயம்.

படி 6: வெஸ்டர்ன் பிளாட்

15 சதவீத ஜெல் அல்லது 4–20 சதவீதப் படிநிலை ஜெல்லை எடுங்கள். 10 சதவீத ஜெல்லில் 14 கிலோடால்ட்டன் புரதம் நீலச்சாயத்தோடு சேர்ந்து ஓடிவிடும். செல் லைசேட் ஒரு குழிக்கு 20 மைக்ரோகிராம். பீட்டா-மெர்காப்டோஎத்தனால் புதியதாக இருக்கட்டும். அரைகுறையாக அவிழ்ந்த லைசோசைம் பட்டையை இழுக்கும், சில நேரம் இரு மூலக்கூறுகள் சேர்ந்த பட்டையும் 29 கிலோடால்ட்டனுக்கு அருகே தோன்றும். சாயம் ஜெல்லின் அடியைத் தொடுவதற்கு முன்பே மின்சாரத்தை நிறுத்துங்கள்.

சவ்வுக்கு மாற்றுவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். சிறு புரதம் 0.45 மைக்ரான் துளைச் சவ்வை ஊடுருவிப் பின்பக்கம் போய்விடும், 0.2 மைக்ரான் பி.வி.டி.எஃப். சவ்வு வேண்டும். இன்னொரு பக்கம், பஃபரிலுள்ள மெத்தனால் புரதத்தின் மேலிருந்து எஸ்.டி.எஸ்.ஐ உரிக்கிறது. சாதாரணப் புரதத்துக்கு அது நல்லது. லைசோசைமுக்கோ எஸ்.டி.எஸ். போனதும் அதன் சொந்த நேர்மின்னூட்டம் வெளிப்பட்டு, சவ்வை நோக்கிப் போகவேண்டியது ஜெல்லிலேயே தங்கிவிடலாம். ஆகவே பட்டை மங்கலாக வந்தால், புரதம் சவ்வைத் தாண்டிப் போனதா, ஜெல்லை விட்டுக் கிளம்பவே இல்லையா என்று முதலில் பார்க்கவேண்டும். வழி எளிது: சவ்வுக்குப் பின்னால் இரண்டாவது சவ்வு ஒன்றை வையுங்கள், மாற்றம் முடிந்தபின் ஜெல்லை கூமாசி என்ற புரதச் சாயத்தில் ஊறவையுங்கள். பின்சவ்வில் பட்டை இருந்தால் நேரத்தைக் குறையுங்கள். ஜெல்லில் தங்கியிருந்தால் மெத்தனாலை 10 சதவீதமாக்குங்கள், அல்லது பி.எச். 11 உள்ள கேப்ஸ் பஃபருக்கு மாறுங்கள். தொடக்கமாக டிரிஸ்-கிளைசின், 20 சதவீத மெத்தனால், 100 வோல்ட், குளிரில் ஒரு மணிநேரம் போதும்.

பிளாக்கிங்குக்கு (சவ்வின் காலியிடங்களை மூடுவதற்கு) 5 சதவீதப் பால்பொடி கைவசம் இருக்கும். ஆனால் அதில் மாட்டின் ஆல்ஃபா-லாக்டால்புமின் இருக்கிறது என்பதை நினைத்தால், இந்த இலக்குக்கு மாட்டு ஆல்புமினோடு தொடங்குவதே எனக்கு நிம்மதி. முதல்நிலை ஆன்டிபாடி (லைசோசைமைப் பிடிப்பது) தரவுத்தாள் சொல்லும் நீர்ப்பில், பெரும்பாலும் 1:1000 சுற்றில், 4 டிகிரியில் இரவு முழுவதும். 0.1 சதவீத ட்வீன்-20 கலந்த டிரிஸ் உப்புக்கரைசலில் மூன்று கழுவல். பின்னர் இரண்டாம்நிலை (முதல்நிலையைப் பிடித்துச் சிக்னல் தருவது) ஒரு மணிநேரம், மீண்டும் கழுவல், ஒளிர்கரைசல், படம்.

இப்போது படத்தைப் படிப்போம். நிறமில்லாத பழைய வகைக் குறைந்த எடை மார்க்கரின் (எடை தெரிந்த புரதங்களின் கலவை) கடைசிப் பட்டையான 14.4 கிலோடால்ட்டன், சில தயாரிப்புகளில் கோழி லைசோசைமேதான். ஆன்டிபாடி கோழியையும் பிடிப்பதாக இருந்தால், அத்தகைய மார்க்கர் குழியில் அந்த ஒரு பட்டை மட்டும் தனியே ஒளிரும். புதியவர் ‘மார்க்கர் பக்கத்துக் குழிக்குச் சிந்திவிட்டது’ என்பார். உண்மையில் ஆன்டிபாடி தன் குணத்தை இலவசமாகச் சொல்லிவிட்டது. மனிதத் திசு லைசேட்டில் 50, 25 அருகே பட்டைகள் வந்தால் அவை மாதிரியிலிருந்த மனித இம்யூனோகுளோபுலினின் சங்கிலிகளாக இருக்கலாம்; முதல்நிலை இல்லாமல் இரண்டாம்நிலை மட்டும் போட்டுப் பாருங்கள்.

டிஎச்பி-1 போன்ற செல்கள் லைசோசைமை வெளியே சுரந்தபடி இருக்கும். தூண்டுதலுக்குப் பின் செல்லுக்குள் அளவு குறைந்தால் உற்பத்தி குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள். வளர்ப்பு ஊடகத்தையும் சேர்த்து ஓட்டுங்கள். குழிகளில் சம அளவு ஏற்றியதைக் காட்டப் பார்க்கும் செல் புரதமான ஆக்டின் கன்ட்ரோலுக்கு ஊடகத்திலும் உமிழ்நீரிலும் இடமில்லை; போன்சோ சாயத்தில் மொத்தப் புரதத்தைக் காட்டுங்கள்.

படி 7: திசுச் சீவல்

ஃபார்மலினில் பதப்படுத்தி பாரஃபினில் பொதித்த திசு, 4 மைக்ரான் சீவல். ஆன்டிஜென் மீட்பு (பதப்படுத்தலில் மறைந்த புரதத்தை ஆன்டிபாடி எட்டும்படி மீண்டும் திறப்பது) முறை ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி மாறும்: சிலவற்றுக்கு புரோட்டீனேஸ் கே, சிலவற்றுக்கு பி.எச். 6 சிட்ரேட்டில் சூடு. இரண்டையும் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்துச் சீவல்களில் செய்து பாருங்கள். நியூட்ரோஃபில்களும் சிவப்பணுக்களும் தம் சொந்தப் பெராக்சிடேஸ் செயலால் பழுப்பு நிறம் கொடுக்கும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம் வைப்பதைத் தவிர்க்கவே கூடாது. நாம் தேடுவதே நியூட்ரோஃபிலில் இருக்கும் புரதம் என்பதால், இந்தத் தவறு சரியான விடை போலவே தோற்றமளிக்கும்.

நிறமேற்றம் முடிந்ததும் முதலில் சிறுகுடல் கன்ட்ரோலைப் பாருங்கள். விரலிகளுக்கு இடையே இறங்கும் குழியின் அடியில், கூம்பு வடிவப் பானெத் செல்கள் கொத்தாக இருக்கும். உட்கரு அடியில், குழியை நோக்கிய பக்கம் முழுக்கப் பருமனான துகள்கள். அந்தத் துகள்கள் தனித்தனியாக, கூர்மையான பழுப்பில் நிற்கவேண்டும். மேலே ஏறும் உறிஞ்சுசெல்கள் நிறமின்றி நீலமாக இருக்கவேண்டும். விரலியின் உள்ளுறையில் ஆங்காங்கே மேக்ரோஃபேஜ்கள் பழுப்பாகத் தெரியும். ஒரே சீவலில் நேரும் எதிரும் கிடைப்பதால்தான் அதை வாங்கிவைக்கச் சொன்னேன். துகள்களைச் சுற்றிலும் திசு முழுவதும் மங்கலான பழுப்பு படர்ந்திருந்தால் பதப்படுத்தத் தாமதமாகியிருக்கலாம்: சிறிய, கரையும் புரதம், செல்லை விட்டு நகர்ந்து அண்டைப் பரப்பில் ஒட்டிவிடும். ஆன்டிபாடியை மேலும் நீர்த்துப் பார்த்தும் அந்தப் படலம் போகவில்லையென்றால் அந்தத் திசுவை விட்டுவிடுவதே மேல்.

பெருங்குடலின் இடப்பக்கத்தில் பானெத் செல்கள் இயல்பாக இருப்பதில்லை. அங்கே குழி அடியில் பழுப்புத் துகள்கள் தெரிந்தால் நாட்பட்ட அழற்சியின் அடையாளமாக இருக்கலாம். எலும்புமஜ்ஜை வழிப் புற்றுக்கட்டிகளை அடையாளம் காணவும் லைசோசைம் நிறமேற்றம் உதவுகிறது, ஆனால் தனியாக அல்ல. மைலோபெராக்சிடேஸ், சிடி68 போன்றவற்றோடு சேர்த்தே படிக்கவேண்டும். இன்னொரு பயன்பாடு அரிதானது. லைசோசைம் மரபணுவில் 56-ஆம் இடத்திலோ 67-ஆம் இடத்திலோ மாற்றம் கொண்ட குடும்பங்களில் இந்தப் புரதமே அமிலாய்டாகப் படிகிறது என்று 1993-இல் காட்டப்பட்டது. அந்தப் படிவுகளை ஆன்டிபாடியால் வகைப்படுத்துவார்கள். சந்தேகம் இருந்தால் நிறைமானிதான் இறுதிச் சொல்.

படி 8: எலைசா

சாண்ட்விச் எலைசாவுக்கு வெவ்வேறு எப்பிடோப்பைப் பிடிக்கும் இரு ஆன்டிபாடிகள் தேவை. தரநிலைக் கரைசல் மனித லைசோசைமாக இருக்கட்டும். மலிவென்று கோழியுடையதை வைத்தால் எண் வரும், பொருள் இருக்காது. மாதிரிகளைச் சீரத்துக்கு 1:100, உமிழ்நீருக்கு 1:1000, கண்ணீருக்கு 1:1,00,000 சுற்றில் தொடங்கி, ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று நீர்ப்புகளில் ஓட்டுங்கள். மூன்று நீர்ப்புகளிலிருந்தும் கணக்கிட்ட மூல மாதிரியின் அளவு ஒன்றுபோல் வந்தால் நம்பலாம். நீர்க்க நீர்க்க அளவு ஏறினால், அடர்த்தி மிகுதியால் இரு ஆன்டிபாடிகளும் தனித்தனியே நிரம்பி சிக்னல் சரிந்திருக்கிறது, அல்லது மியூசின் போன்ற ஏதோ ஒன்று லைசோசைமை மறைத்து வைத்திருக்கிறது.

வெற்றுக்குழியில் பின்னணி உயர்ந்தால், லைசோசைமின் மின்னூட்ட ஒட்டலைச் சந்தேகியுங்கள். கழுவும் கரைசலில் உப்பை 0.3 முதல் 0.5 மோலார்வரை உயர்த்துவது பெரும்பாலும் கைகொடுக்கும். தட்டின் மேல் குனிந்து பேசிக்கொண்டே பைப்பெட் செய்யும் பழக்கம் இருந்தால், முகக்கவசம் அணியுங்கள்: நம் உமிழ்நீரும் மனித மாதிரிதான்.

படி 9: இருப்பதும் இயங்குவதும்

ஆன்டிபாடி புரதம் இருப்பதைக் காட்டும். அது பாக்டீரியாவை அறுக்கிறதா என்று காட்டாது. செயல்திறன் வேண்டுமென்றால், மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாக் கலங்கலைத் தயாரித்து 450 நானோமீட்டரில் கலங்கல் குறையும் வேகத்தை அளக்கும் பழைய முறை இன்றும் போதுமானது. ஆனால் அந்த முறை கோழியையும் மனிதனையும் பிரித்தறியாது. எலைசா அளவையும் செயல்திறனையும் ஒரே மாதிரியில் எடுத்து, ஒன்றை மற்றதால் வகுத்துப் பாருங்கள்; செயலிழந்த லைசோசைம் அப்போதுதான் பிடிபடும்.

படி 10: பதிவேடு

ஆன்டிபாடியின் பட்டியல் எண், குளோன் பெயர், லாட் எண், ஆய்வுப்பொருளுக்கான ஆர்.ஆர்.ஐ.டி. அடையாளம், நீர்ப்பு, மீட்பு முறை, பிளாக்கிங் பொருள் எல்லாவற்றையும் எழுதுங்கள். டிஎச்பி-1 லைசேட்டைப் பெரிய அளவில் ஒருமுறை தயாரித்து, ஒரு குழிக்கான அளவுகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். புதிய லாட் வரும்போதெல்லாம் அதையும் பழைய லாட்டையும் இந்த லைசேட்டின் ஒரே பிளாட்டில், சவ்வை இரண்டாக வெட்டி ஓட்டிப் பாருங்கள். பட்டையின் உயரமும் செறிவும் பொருந்தாவிட்டால், பழைய குப்பி தீருமுன் விற்பனையாளருக்குப் படத்தோடு எழுதுங்கள். குப்பி தீர்ந்தபின் ஒப்பிட உங்களிடம் எதுவும் இருக்காது.